பாடத்திட்டத்துக்கு வெளியே நடந்த கணக்கு வகுப்பு

சென்னைப் பல்கலைக்கழகத்தில் பி.ஏ. ஆனர்ஸ் என்று ஒரு படிப்பு இருந்தது. எண்பதைத் தாண்டியவர்களுக்கு அதன் மதிப்பு தெரியும். இன்டர்மீடியட் முடித்தபின் மூன்று வருடம். அதை முடித்தால் எம்.ஏ.வுக்குச் சமம் என்று எடுத்துக்கொள்வார்கள். கணக்கில் ஆனர்ஸ் என்றால் ஊரில் தனி மரியாதை. 1950களின் பிற்பகுதியில் பி.யு.சி.யும் மூன்று வருடப் பட்டப்படிப்பும் வந்தபின் ஆனர்ஸ் மறைந்துபோனது.

அந்தப் படிப்பில் மாணவர்கள் என்ன படித்தார்கள்? அதைவிட, யாரிடம் படித்தார்கள்? இந்த இரண்டாவது கேள்விதான் முக்கியமானது என்று எனக்குப் படுகிறது. நம் பக்கத்துக் கணித வரலாறே அதில் அடங்கியிருக்கிறது.

நம் கணக்குப் பாடத்திட்டத்துக்கு மாதிரி, கேம்பிரிட்ஜின் டிரைபாஸ் தேர்வு. அங்கே முதலிடம் பெறுபவருக்கு 'சீனியர் ராங்ளர்' என்று பட்டம். தர வரிசையை ஊரறிய அறிவிப்பார்கள். அதற்காகத் தனிப் பயிற்சி ஆசிரியர்களிடம் மாணவர்கள் வருடக்கணக்கில் கணக்குப் போட்டுப் பழகினார்கள். குறுக்கு வழி, வேகம், தந்திரம் என்று எல்லாம் கைவரும். ஆனால் புதிய கணிதம் பிறக்காது. ராமானுஜனை உலகுக்குக் காட்டிய ஹார்டியே இந்தத் தேர்வு முறையை எதிர்த்துப் போராடியவர். 1909க்குப் பிறகு வரிசை அறிவிப்பது அங்கே நின்றது. நம்மிடம் அந்த மனப்பான்மை வெகுகாலம் நிலைத்தது. லோனியின் முக்கோணவியல், ஹால் அண்ட் நைட்டின் அல்ஜீப்ரா, பிறகு நம்மூர் மாணிக்கவாசகம் பிள்ளை, நாராயணன் எழுதிய புத்தகங்கள் என்று தலைமுறை தலைமுறையாகக் கணக்குப் போட்டோம். அவை நல்ல புத்தகங்கள்தான். கை பழகுவதற்கு அவற்றை விட்டால் வேறு வழியில்லை. ஆனால் கை பழகுவதோடு படிப்பு முடிந்துவிட்டால் என்ன ஆகும் என்பதுதான் கேள்வி.

பல்கலைக்கழகம் தன் விதியைத் தானே தளர்த்திய ஒரு சம்பவம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். எஃப்.ஏ. தேறாத ராமானுஜனுக்கு 1913ல் மாதம் 75 ரூபாய் ஆராய்ச்சி உதவித்தொகை கொடுத்தார்கள். பட்டம் இல்லாதவருக்கு அப்படிக் கொடுத்தது பெரிய விஷயம். ஆனால் அது ஒரு மேதைக்காகச் செய்த விதிவிலக்கு. மேதையாக இல்லாத, ஆனால் நல்ல மூளையுள்ள மாணவனுக்கு வழி காட்டுவது ஆசிரியர்கள் கையில்தான் இருந்தது.

அப்படிப்பட்ட ஆசிரியர்கள் சிலர் சென்னையில் வாய்த்தார்கள். மாநிலக் கல்லூரியில் கே. ஆனந்த ராவ். ராமானுஜன் கேம்பிரிட்ஜில் இருந்த அதே வருடங்களில் அங்கே ஹார்டியிடம் படித்தவர். திரும்பி வந்து 1948 வரை மாநிலக் கல்லூரியில் இருந்தார். எண் கோட்பாட்டில் பெயர் பெற்ற எஸ்.எஸ். பிள்ளை, பின்னாளில் பம்பாயில் ஒரு கணிதப் பள்ளியையே கட்டியெழுப்பிய கே. சந்திரசேகரன் போன்றவர்கள் அவரிடம் உருவானவர்கள். பல்கலைக்கழகத்தில் ஆர். வைத்தியநாதசுவாமி. டோபாலஜி என்ற புதிய துறையைப் பற்றி 1947லேயே ஆங்கிலத்தில் முழு நூல் எழுதியவர்.

மூன்றாமவர் ஒரு பாதிரியார். சார்லஸ் ரசீன், பிரான்சு நாட்டு ஏசு சபைத் துறவி. எலீ கார்த்தான் என்ற பெரும் கணித மேதையிடம் ஆய்வு செய்து 1934ல் டாக்டர் பட்டம் பெற்றவர். 1937ல் இந்தியா வந்து, திருச்சி செயின்ட் ஜோசப் கல்லூரியில் சிறிது காலம் இருந்துவிட்டு, 1939 முதல் சென்னை லயோலா கல்லூரியில் கணக்கு நடத்தினார்.

ரசீன் பாதிரியாருக்கு அன்றைய பிரெஞ்சுக் கணிதம் கைவசம் இருந்தது. பாரீசில் என்ன புதிதாக நடக்கிறது என்று அவருக்குத் தெரியும். சென்னைப் பாடத்திட்டத்தில் அதற்கு இடமில்லை. அதனால் பாடத்திட்டத்தையும் நடத்தினார். அதற்கு வெளியே உள்ளதையும் ஆர்வமுள்ள பையன்களுக்குச் சொன்னார், படிக்கப் புத்தகம் காட்டினார்.

'புதிய கணிதம்' என்றால் என்ன என்று கேட்பவர்களுக்கு ஒரு கோலத்தை வைத்துச் சொல்லலாம். நாலு பக்கமும் ஒன்றுபோல் இருக்கும் ஒரு கோலத்தை எடுத்துக்கொள்ளுங்கள். கால் வட்டம் திருப்பினாலும் அது மாறாது. அப்படி மாறாமல் திருப்ப, சும்மா விடுவதையும் சேர்த்து, நாலு வழி. கண்ணாடியில் பார்த்தாலும் அதே கோலம்தான் என்றால் இன்னும் நாலு வழி. ஆக எட்டு. இந்த எட்டில் எந்த இரண்டை அடுத்தடுத்துச் செய்தாலும், வருவது அந்த எட்டில் ஒன்றாகவே இருக்கும். இப்படிப்பட்ட கூட்டத்துக்குத் தமிழ்ப் பாடநூல்களில் 'குலம்' என்று பெயர். பழைய பாடம், ஒரு கணக்கைக் கொடுத்து விடை கேட்கும். புதிய பாடம், அந்தக் கணக்குகளுக்கெல்லாம் பொதுவாக உள்ளே என்ன அமைப்பு இருக்கிறது என்று கேட்கும். இந்த இரண்டாவது கேள்வியைக் கேட்கப் பழகியவன்தான் ஆராய்ச்சிக்குள் நுழைய முடியும்.

லயோலாவில் ரசீனிடம் படித்தவர்களில் இரண்டு பேர், திருவண்ணாமலைப் பக்கத்துத் தண்டரையில் பிறந்த எம்.எஸ். நரசிம்மன், காஞ்சிபுரத்தில் பிறந்த சி.எஸ். சேஷாத்ரி. இருவருக்கும் பிறந்த வருடம் 1932. ரசீன் இவர்களைப் பம்பாய்க்குப் போகச் சொன்னார். அங்கே ஹோமி பாபா 1945ல் தொடங்கிய டாட்டா ஆராய்ச்சி நிலையம் வளர்ந்துகொண்டிருந்தது. கணிதப் பிரிவைக் கட்டியெழுப்பியவர் ஆனந்த ராவின் மாணவரான சந்திரசேகரன். 1953ல் இருவரும் அங்கே சேர்ந்தார்கள். 1965ல் வெளிவந்த 'நரசிம்மன்–சேஷாத்ரி தேற்றம்' இன்று உலகெங்கும் கணிதத்திலும் பௌதிகத்திலும் பயன்படுகிறது. 36 வயதிலேயே மறைந்த சி.பி. ராமானுஜமும், ராகவன் நரசிம்மனும் இதே லயோலா வழியாகப் பம்பாய் போனவர்கள்தான்.

தன்னிடம் உள்ள நல்ல மாணவனைத் தன்னுடனேயே வைத்துக்கொள்ளாமல், இன்னும் நல்ல இடத்துக்கு அனுப்பிவைத்த ஆசிரியர் ரசீன். அதை எவ்வளவு போற்றினாலும் தகும்.

ஆனால் கதையின் மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். டாட்டா நிலையத்தில் பி.ஏ., பி.எஸ்ஸி. வகுப்பு கிடையாது. நாட்டின் மிகச் சிறந்த கணித மூளைகள் அங்கே ஆராய்ச்சி செய்தன, ஆராய்ச்சி மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தன. பதினெட்டு வயதுப் பையனோ பெண்ணோ அவர்களைப் பார்க்கவே வழியில்லை. பல்கலைக்கழகத்திலும் கல்லூரிகளிலும் பாடம் நடந்தது, புதிய கணிதம் வேறெங்கோ நடந்தது. பாடத்திட்டத்தில் பிற்பாடு குலமும் டோபாலஜியும் சேர்ந்தன. அவற்றையும் நாம் லோனியைப் படித்த மாதிரியே படித்தோம். தேற்றம், நிரூபணம், எந்த வருடம் பரீட்சையில் வந்தது என்ற குறிப்பு. பாடத்தை மாற்றினால் போதாது என்பது அப்போதுதான் தெரிந்தது.

இதைச் சரிசெய்ய முனைந்தவரும் அதே சேஷாத்ரிதான். முப்பது வருடம் பம்பாயில் இருந்துவிட்டு 1984ல் சென்னைக்குத் திரும்பினார். 1989ல் ஸ்பிக் அறக்கட்டளையின் ஆதரவில் தியாகராய நகரில் ஒரு சிறிய கணிதப் பள்ளி தொடங்கியது. அதுதான் பிறகு சென்னைக் கணிதவியல் கழகம் ஆயிற்று. ஆராய்ச்சி நிலையமாகவே அது இருந்திருக்கலாம். ஆனால் 1998ல் அங்கே பி.எஸ்ஸி. வகுப்பு ஆரம்பித்தார்கள். ஆராய்ச்சி செய்கிறவர்களே முதல் வருட மாணவர்களுக்கு வகுப்பு எடுக்க வேண்டும் என்பது கொள்கை.

பட்டம் கொடுக்கும் அதிகாரம் அப்போது அவர்களுக்கு இல்லை. மத்தியப் பிரதேசத்துப் போஜ் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தின் வழியாகத்தான் முதலில் பட்டம் கிடைத்தது. சென்னையில் படித்த பிள்ளைக்குப் போபாலிலிருந்து பட்டம்! 2006ல் நிகர்நிலைப் பல்கலைக்கழகம் என்ற தகுதி வந்தபின் அந்தக் குறை தீர்ந்தது. அதற்கு முந்தைய வருடமே சிறுசேரியில் சொந்த வளாகத்துக்குப் போய்விட்டார்கள்.

சேஷாத்ரி கர்நாடக சங்கீதத்தில் நல்ல ஞானம் உள்ளவர், நன்றாகப் பாடுவார். சங்கீதம் தெரிந்தவர்களுக்கு இந்த ஏற்பாட்டின் நியாயம் உடனே புரியும். கீர்த்தனையைப் புத்தகத்தில் உள்ள ஸ்வரத்தைப் பார்த்துப் பாடம் பண்ணிவிடலாம். மனோதர்மம் அப்படி வராது. ஒரு வித்வான் பக்கத்தில் உட்கார்ந்து, அவர் யோசித்து யோசித்துப் பாடுவதைக் கேட்டால்தான் வரும்.

சேஷாத்ரி 2020ல் காலமானார், நரசிம்மன் அடுத்த வருடம். சிறுசேரியில் இடம் கிடைப்பவர்கள் சிலரே. மாவட்டத்துக் கலைக் கல்லூரிகளில் பி.எஸ்ஸி. கணக்கு படிக்கும் பிள்ளைகள் ஏராளம். ரசீனும் சாதாரணக் கல்லூரி வகுப்பில் நின்று பாடம் நடத்தியவர்தான். பாடத்திட்டத்தை மாற்ற அவருக்கு அதிகாரம் இல்லை. வகுப்பு முடிந்தபின் ஒரு மாணவனிடம் பேச மட்டும் யார் அனுமதியும் தேவைப்படவில்லை. அது இன்றும் எந்தக் கல்லூரி ஆசிரியராலும் முடியும்.

உங்கள் வீட்டுப் பேரனோ பேத்தியோ கணக்கு படிக்கிறேன் என்று சொன்னால், "என்ன வேலை கிடைக்கும்?" என்றுதான் முதலில் கேட்போம். அது நியாயமான கேள்விதான். கூடவே, "பரீட்சைக்கு வராத எதையாவது உங்கள் வாத்தியார் சொல்லிக்கொடுக்கிறாரா?" என்றும் ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்கள். ஆமாம் என்று பதில் வந்தால், பிள்ளை நல்ல இடத்தில் படிக்கிறது என்று நிம்மதியாக இருக்கலாம்.