தள்ளும் கைக்கு இணங்கிய எந்திரம்

1979 ஜனவரி 25 அன்று, அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் ஃபோர்டு நிறுவனத்தின் ஃபிளாட் ராக் வார்ப்பாலையில் ராபர்ட் வில்லியம்ஸ் என்ற தொழிலாளி எந்திரக் கை மோதி இறந்தார். வயது 25. பொருள் எடுக்க அடுக்குத் தட்டில் ஏறி நின்றவரை அந்த எந்திரம் அறியவில்லை. 1961இல் நியூ ஜெர்சியில் ஜெனரல் மோட்டார்ஸ் ஆலைக்கு முதல் தொழிற்சாலை ரோபோவான யூனிமேட் வந்த நாள் முதலே இதுதான் நிலைமை. குறித்த இடத்துக்குப் போ என்றால் போகும். குறுக்கே நிற்பது இரும்பா, ஆளா என்று பார்க்காது. அதனால் ரோபோவைச் சுற்றி வேலி போட்டார்கள்.

வேலியை எடுக்க வேண்டுமானால் கட்டுப்பாட்டின் அடிப்படையே மாற வேண்டும். எம்.ஐ.டி.யில் நெவில் ஹோகன் 1985இல் மூன்று பகுதிகளாக வெளியிட்ட ஆய்வுக்கட்டுரை அதைத்தான் சொன்னது: எந்திரத்தின் இடத்தை மட்டும் கட்டுப்படுத்தினால் போதாது, ஒன்று அதைத் தொட்டுத் தள்ளும்போது எவ்வளவு விறைப்பாக நிற்கவேண்டும், எவ்வளவு இளகவேண்டும் என்பதையும் வகுக்க வேண்டும்.

ஹோகனிடம் ஆய்வு செய்து 1988இல் முனைவர் பட்டம் பெற்றவர் எட்வர்ட் கோல்கேட். அங்கிருந்து சிகாகோவை ஒட்டிய எவன்ஸ்டனில் உள்ள நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்துக்குப் பேராசிரியராகப் போனார். சக பேராசிரியர் மைக்கேல் பெஷ்கினும் அவரும் சேர்ந்து 1996இல் உலகுக்குக் காட்டிய எந்திரத்துக்கு கோபாட் என்று பெயர்.

அதன் முதல் வடிவத்தில் இருந்தது ஒரே ஒரு சக்கரம். மேலே ஒரு கைப்பிடி, அதில் விசையை அளக்கும் உணரி. மோட்டார் உண்டு, ஆனால் அது சக்கரத்தை உருட்டாது. திசையை மட்டும் திருப்பும். உருட்டுவது மனிதனின் கை. தடை இல்லாத இடத்தில், சூப்பர் மார்க்கெட் தள்ளுவண்டியின் முன்சக்கரம் போல, தள்ளும் பக்கமெல்லாம் அது திரும்பிக் கொடுக்கும். கணினி மனதில் வைத்திருக்கும் கண்ணுக்குத் தெரியாத சுவரை நெருங்கியதும் சக்கரம் அந்தச் சுவருக்கு இணையாகத் திரும்பிக்கொள்ளும். பிறகு எவ்வளவு அழுத்தினாலும் சுவரையொட்டி வழுக்கிப் போகுமே தவிர ஊடுருவாது.

இன்னும் வலுவான மோட்டார், இன்னும் வேகமான கை என்று மற்றவர்கள் ஓடிக்கொண்டிருந்த காலத்தில், எந்திரத்திடமிருந்து உந்துசக்தியையே பிடுங்கிவிட்டார்கள் இந்த இருவரும். தானாக நகர முடியாத எந்திரம் யாரையும் துரத்தி அடிக்காது. இந்தத் துறையின் வரலாற்றில் இதைவிடத் துணிச்சலான முடிவு அரிது.

அது ஆய்வகத்தோடு நின்றுவிடவும் இல்லை. ஜெனரல் மோட்டார்ஸின் ஆதரவோடு கார்க்கதவு கழற்றும் கோபாட் உருவானது. கார் ஆலைகளில் வண்ணம் பூசிய உடலிலிருந்து கதவுகளைக் கழற்றிய பிறகுதான் உள்வேலை தொடங்கும். கதவுக்கும் உடலுக்கும் நடுவே இடைவெளி மிகக் குறைவு. கை சற்றுப் பிசகினாலும் புது வண்ணத்தில் கீறல். கோபாட் அங்கே பாதையைக் காத்தது, தொழிலாளி தள்ளினார். முதுகும் தப்பியது, வண்ணமும் தப்பியது.

இன்று கோபாட் என்ற பெயரில் விற்பவை பெரும்பாலும் வேறு வகை. டென்மார்க்கின் ஓடென்ஸ் நகரில் 2005இல் தொடங்கிய யுனிவர்சல் ரோபாட்ஸ் 2008இல் விற்ற எந்திரக் கையை மோட்டார்களே நகர்த்தின. மோதினால் உணர்ந்து நிற்கும் ஏற்பாடும் இருந்தது. சக்தி திரும்பி வந்ததால் அளவுகோலும் தேவைப்பட்டது. 2016இல் வெளியான, சர்வதேசத் தர அமைப்பான ஐஎஸ்ஓவின் ஆவணம், மனித உடலின் எந்தப் பகுதி எவ்வளவு அழுத்தம் தாங்கும் என்று பட்டியலே போட்டது. கோல்கேட்டும் பெஷ்கினும் அதற்குள் தொடுதிரைப் பரப்பில் விரலுக்குச் சொரசொரப்பை உணர்த்தும் ஆய்வில் இறங்கியிருந்தார்கள்.