ஜோனகப்புறத்திலிருந்து க்னோசஸ் வரை

கொல்லம் கடற்கரையில், தங்கசேரிக்குப் பக்கத்தில், ஜோனகப்புறம் என்றொரு மீனவர் குடியிருப்பு இருக்கிறது. திருவனந்தபுரத்திலிருந்து ரயிலில் போனால் அரைநாளில் பார்த்துத் திரும்பிவிடலாம். ஜோனகர் என்றால் மலையாளத்தில் முஸ்லிம்கள். நஸ்ராணி மாப்பிள்ளை, யூத மாப்பிள்ளை, ஜோனக மாப்பிள்ளை என்று மூன்று சமயத்தாரையும் பிரித்துச் சொன்ன வழக்கு பழைய கேரளத்தில் இருந்தது. இலங்கைத் தமிழில் இதே சொல் சோனகர். அங்கே அது இன்னும் உயிரோடு இருக்கிறது; அரசின் மக்கள்தொகைக் கணக்கிலேயே ‘இலங்கைச் சோனகர்’ ஓர் இனப்பிரிவு.

அரபுக் கடலோடிகளின் வழித்தோன்றல்களைக் குறிக்கும் சொல் என்பதால் அதன் வேர் அரபியில் இருக்கும் என்று நினைக்கத் தோன்றும். இல்லை. அது கிரேக்கரின் பெயர்.

வழி இதுதான். சோனகன் என்பதற்கு முந்திய வடிவம் யோனக. பாலியிலும் பிராகிருதத்திலும் வழங்கியது. சொல்லின் முதலில் வரும் யகரம் பல பிராகிருதங்களில் ஜகரமாகும். யமுனை வடக்கே ஜமுனா ஆனது அப்படித்தான். யோனக, ஜோனக ஆயிற்று. ஜகரத்துக்கு எழுத்தில்லாத தமிழ் ‘ஜன’த்தைச் சனமாக்கியது போல ஜோனகரைச் சோனகர் ஆக்கியது. மலையாளம் ஜோனகன், சோனகன் இரண்டையும் வைத்துக்கொண்டது. யோனகவிலிருந்து ‘க’ என்ற ஒட்டைக் கழற்றினால் யோன. அசோகரின் இரண்டாம் பாறைக் கல்வெட்டில் அந்தச் சொல் நிற்கிறது: சோழர், பாண்டியர், சதியபுத்திரர், கேரளபுத்திரர், தாம்பபர்ணி என்று தெற்கை அடுக்கிவிட்டு, அந்தியோகன் என்னும் யோன அரசனையும் கல்வெட்டு சேர்த்துச் சொல்கிறது. கேரளமும் யோனரும் ஒரே மூச்சில் வரும் மிகப் பழைய எழுத்துச் சான்றுகளில் இது ஒன்று. காலம் கி.மு. 3ஆம் நூற்றாண்டு.

யோனவின் வடமொழி இணை யவன. பாணினிக்கே அது தெரியும். சங்கப் புலவர்கள் எடுத்துக்கொண்டதும் இந்த வடிவத்தைத்தான். அகநானூற்றில் யவனர் கலம் பொன்னோடு சேரநாட்டுத் துறையான முசிறிக்கு வந்து மிளகோடு திரும்புகிறது. நெடுநல்வாடையில் யவனர் செய்த பாவை விளக்கு எரிகிறது. முல்லைப்பாட்டில் பாசறையில் யவனர் இருக்கிறார்கள். பதிற்றுப்பத்தின் பதிகம் ஒன்று, நெடுஞ்சேரலாதன் அவர்களைக் கைகட்டித் தலையில் நெய் வார்த்து அவமதித்ததைச் சொல்கிறது. ஆக, ஒரே பெயர் தமிழுக்குள் இரண்டு வாசல் வழியாக வந்தது. வடமொழி வாசலில் வந்தது யவனர், பிராகிருத வாசலில் வந்தது சோனகர். பிற்கால உரைகாரர்கள் யவனர் என்ற சொல்லுக்குச் சோனகர் என்று பொருள் எழுதியபோது, அறிந்தோ அறியாமலோ, பிரிந்த இரட்டையரைச் சேர்த்துவைத்தார்கள்.

இனி மேற்கே போவோம். பாரசீகக் கல்வெட்டுகளில் யௌன. எபிரேய வேதத்தில் யாவான். அசீரியர் ஆவணங்களில் யாமன் என்பது போன்ற வடிவம். எல்லாம் சிற்றாசியாவின் மேற்குக் கரையிலும் ஏஜியன் தீவுகளிலும் குடியிருந்த அயோனியரின் பெயர். கிழக்கிலிருந்து போகிறவர்களுக்கு முதலில் எதிர்ப்பட்ட கிரேக்கர் அவர்கள்; ஆகவே அந்த ஒரு கிளையின் பெயரே கிரேக்கர் எல்லாருக்கும் ஆனது. கிரேக்கர்கள் தங்களை அப்படி அழைத்துக்கொண்டதில்லை. ஹோமரின் இலியத்தில் ‘இயாவொனெஸ்’ என்று எதிர்பார்க்கும் இடத்தில் ‘இயாஒனெஸ்’ என்றே இருக்கிறது, அதுவும் ஒரே ஓர் இடத்தில். நடுவிலிருந்த வகர ஒலியை அயோனியக் கிரேக்கம் அதற்குள் இழந்துவிட்டது.

அந்த வகரம் ஒருகாலத்தில் இருந்தது என்பதற்கு மண்ணிலிருந்தே சாட்சி கிடைத்தது. 1900இல் ஆர்தர் எவன்ஸ் கிரீட் தீவின் க்னோசஸில் தோண்டத் தொடங்கியபோது, லீனியர் பி என்று பின்னால் பெயர்பெற்ற எழுத்தில் கீறிய களிமண் பலகைகள் வெளிவந்தன. அரண்மனை எரிந்ததால் சுட்டு இறுகிப் பிழைத்த கணக்கேடுகள் அவை. 1952இல் மைக்கேல் வென்ட்ரிஸ் என்ற கட்டடக் கலைஞர் அந்த எழுத்தைப் படித்து, மொழி கிரேக்கமே என்று காட்டினார். அங்கே ஓரிடத்தில் ‘இ-ய-வொ-னெ’ என்ற சொல் வருகிறது. ஹோமருக்குப் பல நூற்றாண்டு முந்தியது. அண்மையில், எகிப்தில் மூன்றாம் அமென்ஹோடெப்பின் நினைவுக் கோயிலில் கிடைத்த கி.மு. 14ஆம் நூற்றாண்டுச் சிலைப்பீடங்களின் ஊர்ப்பெயர்ப் பட்டியலிலும் அயோனியாவைப் படித்தவர்கள் உண்டு.

அப்படியானால், ஹோமர் தொலைத்த வகரத்தை நம் யவனர் காப்பாற்றி வைத்திருக்கிறாரா? சொல்ல ஆசையாகத்தான் இருக்கிறது. ஆனால் லவணம் பிராகிருதத்தில் லோணம் ஆவதைப் பார்த்து, யோன என்று காதில் விழுந்த சொல்லை வடமொழிப் பண்டிதர்கள் ‘திருத்தி’ யவன என்று ஆக்கியிருக்கலாம் என்றும் ஒரு கருத்து உண்டு. அப்படியென்றால் அந்த வகரம் தற்செயலாக வந்து பொருந்தியது. பாரசீக வடிவத்தில் வகரத்தின் நிழல் இருப்பதால் நான் முதல் கருத்தின் பக்கம் சாய்கிறேன். பந்தயம் கட்டமாட்டேன்.

இந்த நிதானம் தேவைப்படும் இன்னொரு வழக்கும் உண்டு. ஏஜியன் கடலின் தீரா தீவிலுள்ள அக்ரோதிரியில், எரிமலைச் சாம்பல் மூடிக் காத்த வெண்கலக் காலச் சுவரோவியத்தில் நீலக் குரங்குகள் தாவுகின்றன. அவை ஆப்பிரிக்கக் குரங்குகள் என்றே நெடுநாள் கருதினார்கள். 2019இல் ‘பிரைமேட்ஸ்’ ஆய்விதழில் தொல்லியலாளரும் குரங்கியலாளரும் சேர்ந்து எழுதிய கட்டுரை, வாலைத் தூக்கிப் பிடிக்கும் விதத்தை வைத்து அவற்றில் சில நம் சாம்பல் மந்திகள் என்றது. சிந்துவெளிக்கும் ஏஜியனுக்கும் தொடர்பு என்று செய்தித்தாள்கள் கொண்டாடின. அடுத்த ஆண்டே அதே இதழில் மறுப்பு வந்தது. அது அவ்வளவாகச் செய்தியாகவில்லை. அரிசியைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லான ‘ஒரைசா’ தமிழ் ‘அரிசி’யிலிருந்து வந்தது என்று மேடைதோறும் நாம் சொல்வதும் இந்த வகைதான். கிரேக்கர் அதை ஈரானிய மொழி வழியாகப் பெற்றார்கள் என்பதே வலுவான வாதம்.

மண்ணுக்கு வருவோம். திருவனந்தபுரத்தில் இயங்கும் கேரள வரலாற்று ஆய்வு மன்றம் 2007இல் பட்டணம் என்னும் ஊரில் தோண்டத் தொடங்கியது. முசிறி இருந்த இடம் அதுவாக இருக்கலாம் என்று பலர் கருதும் ஊர். அங்கே கிடைத்த மத்தியதரைக் கடற்பகுதிச் சாடிகளில் இத்தாலியச் சரக்கும் உண்டு, ஏஜியன் கடலின் கோஸ் தீவு வகையும் உண்டு. அரிக்கமேட்டிலும் கோஸ் வகைச் சாடிகள் கிடைத்தன. முசிறி வணிகம் பற்றி வியன்னாவில் இருக்கும் 2ஆம் நூற்றாண்டுப் பாப்பிரஸ் கிரேக்கத்தில் எழுதியது. ஆனால் சரக்கு போகும் இடம் எகிப்தின் அலெக்சாந்திரியா, வரி ரோமப் பேரரசுக்கு. கப்பலில் வந்தவர்கள் எகிப்தியரா, சிரியரா, யூதரா என்று முசிறித் துறையில் யாரும் விசாரித்திருக்கமாட்டார்கள். எல்லாரும் யவனர். மகாராஷ்டிரத்தின் கார்லே குகையில் தூண் கொடை கொடுத்த யவனர்களுக்கோ பிராகிருதப் பெயர்கள்.

திருவனந்தபுரத்துக்குத் தெற்கே விழிஞ்ஞம். பெரிப்ளுஸ் என்னும் பழைய கிரேக்கக் கடல்வழி நூல் சொல்லும் பலிதா துறை இதுவே என்பார் உண்டு. கேரளப் பல்கலைக்கழகத் தொல்லியல் துறை அங்கே நடத்திய அகழாய்வில் மேற்காசியச் சாடிகளின் ஓடுகளும் நீலப்பச்சைப் பூச்சுப் பாண்ட ஓடுகளும் வெளிவந்தன. ரோம வணிகம் தளர்ந்த பின்னும் பாரசீகரும் அரபியரும் அதே பருவக்காற்றில் வந்துகொண்டிருந்தார்கள். வந்த திசை மாறவில்லை, பெயரும் மாறவில்லை. கிரேக்கர் பெயர் முஸ்லிம்களின் பெயரானது இப்படித்தான். மேற்கே அரபியில் அதே சொல் யூனான் என்று கிரேக்கத்தையே குறித்து நின்று, யுனானி மருத்துவமாக நம்மிடம் திரும்பி வந்தது.

வடமொழி அகராதிகளில் மிளகுக்கு யவனப்பிரியம் என்றொரு பெயர் உண்டு. அதில் சிக்கல் இல்லை. யவனிகை அப்படியல்ல. கே.ஜி. ஜார்ஜின் 1982ஆம் ஆண்டுப் படத்தால் மலையாளிகளுக்கு நன்கு தெரிந்த சொல் அது. நாடகத் திரை என்று பொருள். இதை வைத்து நம் நாடகமே கிரேக்க இறக்குமதி என்று வாதிட்டவர்கள் இருந்தார்கள். ஜவனிகை என்ற வடிவமும் உண்டு, அதற்கு வேறு வேர் சொல்ல முடியும். யவன நாட்டுத் துணியாலான திரை என்பதற்கு மேல் அந்தச் சொல் எதையும் தாங்காது.

சங்க நூல்களுக்குக் குறிப்புரை எழுதுவோரிடம் ஒன்று கேட்கலாம். யவனர் என்ற இடத்தில் கிரேக்கர் என்றோ ரோமர் என்றோ அடைப்புக்குறி போடாதீர்கள். மேற்குக் கடலில் கலமேறி வந்தவர் என்று எழுதுங்கள்; முடிந்தால் பக்கத்தில் சோனகர் என்றும் சேர்த்துக்கொள்ளுங்கள்.