வெயில் அச்சிட்ட நூல்

ஒளிப்படங்களைக் கொண்ட முதல் நூல் எது என்று கேட்டால், 1844இல் வெளிவரத் தொடங்கிய டால்பாட்டின் ‘இயற்கையின் எழுதுகோல்’ என்று சொல்வோர் இன்றும் உண்டு. அதற்கு முந்தைய ஆண்டு அக்டோபரிலேயே, இங்கிலாந்தின் கென்ட் பகுதியைச் சேர்ந்த அன்னா அட்கின்ஸ், பிரித்தானியக் கடற்பாசிகள் குறித்த தம் நூலின் முதல் பகுதியை வெளியிட்டுவிட்டார். அப்பணி 1853 வரை நீண்டது. யார் முந்தி என்ற வழக்கு ஏறக்குறைய தீர்ந்துவிட்டது. ஆனால் அந்த உழைப்பின் அளவு போதிய அளவு உணரப்படவில்லை என்றே நினைக்கிறேன்.

அவர் கையாண்டது சயனோடைப். குடும்ப நண்பரான ஜான் ஹெர்ஷெல் 1842இல் கண்டறிந்த முறை. ஃபெரிக் அம்மோனியம் சிட்ரேட், பொட்டாசியம் ஃபெரிசயனைடு ஆகியவற்றின் கரைசலைக் காகிதத்தில் பூசி இருட்டில் உலர்த்த வேண்டும். அதன்மேல் பாசியை வைத்துக் கண்ணாடியால் அழுத்தி வெயிலில் காட்டினால், புற ஊதாக் கதிர் பட்ட இடத்தில் பிரஷ்ய நீலம் உருவாகும். பாசி மறைத்த இடம் வெறும் நீரில் கழுவியதும் வெளுத்துவிடும்.

எவ்வளவு நேரம் காட்டுவது? சிக்கல் இங்கேதான். கோடை நண்பகலில் சில நிமிடங்கள் போதும். மேகம் கவிந்தாலோ குளிர்காலமானாலோ அது பல மடங்கு நீளும். கடிகாரத்தை நம்பிப் பயனில்லை. மஞ்சள் கலந்த பச்சைத் தாள் நீலமாகி, பின்னர் சாம்பல் படர்ந்து கன்றிப்போனதுபோல் தோன்றும்வரை பொறுத்திருக்க வேண்டும். கழுவும்போது நிறத்தில் ஒரு பங்கு நீரோடு போய்விடுவதால், கண்ணுக்கு மிகை என்று படுவதே சரியான அளவு. முந்தினால் நீலம் வெளிறும். பிந்தினால் மெல்லிய இழைகளுக்குள்ளும் ஒளி ஊடுருவி அவற்றின் நுட்பத்தை அழித்துவிடும். பாசியின் நுட்பத்துக்காகவே எழுதப்பட்ட நூலில் அது எத்தகைய இழப்பு!

நெகட்டிவ் இல்லாத முறை இது. ஆகவே ஒவ்வொரு பிரதியின் ஒவ்வொரு தாளும் தனித்தனியே வெயில் கண்டாக வேண்டும். முழுப் பிரதி ஒன்றில் ஏறத்தாழ 400 தாள்கள். பத்துப் பிரதிகள் என்று குறைத்துக் கணக்கிட்டாலும் 4000 முறை. தலைப்பும் முன்னுரையும்கூடக் கையெழுத்திலிருந்து அதே முறையில் அச்சானவையே. தாளுக்குத் தாள் நீலம் மாறுவதைக் குறை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அன்றைய வானத்தின் நிலை அதில் பதிந்திருக்கிறது.

முன்னுரையின் கீழே ‘ஏ.ஏ.’ என்று மட்டுமே ஒப்பமிட்டார். 1871இல் அவர் மறைந்தார். அந்நூற்றாண்டு முடிவதற்குள், அந்த இரண்டு எழுத்துகளுக்குப் ‘பெயரறியா அமெச்சூர்’ என்று ஒருவர் பொருள் கொண்டுவிட்டார்.