ஊமைச் சிரிப்பின் காவலர்

கௌபாய் படங்கள் என்று நாம் வழங்கும் அமெரிக்கப் படங்களைப் பலரும் அறிவர். ஆயின், பேசாப் படக் காலத்திலேயே அவற்றை எள்ளி நகையாடிய குறும்படங்கள் எழுந்தன என்பதை அறிந்தோர் சிலரே. புகழ்பெற்ற காவியப் படங்கள் பல இருக்க, பெயர் மங்கிய இச்சிறு படங்களைப் படச்சுருள் சேகரிப்போர் தேடியலைவது ஏன்?

1914ஆம் ஆண்டிலிருந்து வில்லியம் ஹார்ட் என்னும் நடிகர் இவ்வகைப் படங்களில் பெரும்புகழ் எய்தினார். கடுமையான முகம், கறைபடிந்த கடந்தகாலம், திருந்திய உள்ளம். இவையே அவர்தம் நாயகரின் இலக்கணம். 1922இல் பஸ்டர் கீட்டன் வடதிசைப் பனிநிலத்தைக் களமாகக் கொண்ட 'த ஃப்ரோசன் நோர்த்' என்ற படத்தில் இவ்விலக்கணத்தைக் கவிழ்த்துவிட்டார். அதன் நாயகன் பனிவெளியின் நடுவே நிலக்கீழ்ப் புகையிரத நிலையத்திலிருந்து வெளிவருகிறான். ஒரு வீட்டினுள் தன் மனைவி அயலானோடு இருப்பதாக எண்ணிக் கண்ணீர் உகுக்கிறான். இருவரையும் சுட்ட பின்னரே அது தன் வீடன்று என உணர்கிறான்! சினங்கொண்ட ஹார்ட் நெடுநாள் தம்மோடு பேசவில்லை என்று கீட்டன் பிற்காலத்திற் கூறினார்.

'த கவர்ட் வாகன்' என்ற பெரும்படம் 1923இல் வெளிவந்தது. மறு ஆண்டே வில் ரோஜர்ஸ் அதனைப் பரிகசித்து நடித்தார். அவரோ இளமையில் உண்மையாகவே மாடு மேய்த்தவர். ஒரு காலம் எதனைப் போற்றியது என்பதைப் பெரும்படங்கள் காட்டும்; அப்போற்றுதலை மக்கள் எவ்வளவுக்கு நம்பினர் என்பதை இக்கேலிப் படங்களே காட்டும். இவற்றின் வரலாற்றுப் பெறுமதி இதுவேயாகும்.

எனினும், அக்காலப் படச்சுருள் எளிதில் தீப்பற்றுவது. நாளடைவில் தானே சிதைந்து துகளாவது. 1912 முதல் 1929 வரை அமெரிக்காவில் வெளியான ஏறத்தாழ 11,000 நெடும்படங்களுள் 14 சதவீதமே மூலவடிவில் முழுமையாக எஞ்சின என அந்நாட்டுக் காங்கிரஸ் நூலகத்தின் 2013ஆம் ஆண்டு ஆய்வு கூறுகிறது. நெடும்படங்களின் கதியே இதுவாயின், ஓரிரு சுருளில் அடங்கும் சிரிப்புப் படங்களைப் பேணுவார் யாவர்?

பேணியது வீட்டு முன்றிலே. 1922இல் பாத்தே நிறுவனம் 9.5 மில்லிமீற்றர் சுருளையும், 1923இல் கோடாக் நிறுவனம் 16 மில்லிமீற்றர் சுருளையும் இல்லங்களுக்கென வெளியிட்டன. இவை எளிதில் தீப்பற்றாதவை. சிறுவர் களிக்க வாங்கிய இத்தகைய பிரதிகளாலேயே பேசாக் காலச் சிரிப்புப் படங்கள் பல இன்றும் உயிர்வாழ்கின்றன.

ஆகவே, பழைய தகரப் பெட்டியைத் திறக்கும் சேகரிப்பாளர் வெறும் வேடிக்கையைத் தேடுபவரல்லர். அவர் கையிலுள்ளது உலகில் எஞ்சிய ஒரே பிரதியாகவும் இருத்தல் கூடும். அது அழியின், ஒரு தலைமுறையின் சிரிப்பொன்று மீளாது மறைந்துவிடும்.