நாளைக்கு வரச்சொன்ன பெட்டரிக் கடைகள்



2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை கரண்ட் இல்லாமல் இருந்தோமே, ஞாபகமா? பெற்றோல் இல்லாமல் நின்ற காரிலிருந்து பெட்டரியைக் கழற்றி வீட்டில் லைட் போட்டோம். கரண்ட் வந்த கொஞ்ச நேரத்துக்குள் அதை நிரப்ப வேண்டுமே என்று சார்ஜரைக் கூட்டி வைத்தோம். நல்ல பெட்டரிகள் அப்படித்தான் பழுதாகின. நமது வாப்பாமார் இந்தப் பிழையை லேசில் விடமாட்டார்கள்.

1982இல் ரூபவாஹினி தொடங்கியபோது நாட்டில் பெரும்பாலான வீடுகளுக்குக் கரண்ட் இல்லை. பழைய தெல்தெனிய நகரை மூழ்கடித்துக் கட்டிய விக்டோரியா அணை 1985இல் திறக்கப்பட்டது. 210 மெகாவாட். ஆனால் அணையைச் சுற்றியிருந்த எத்தனையோ கிராமங்களிலும் தோட்ட லயங்களிலும் கறுப்பு வெள்ளை டீவி ஓடியது கார் பெட்டரியில்தான். பெட்டரி இறங்கினால் தோளில் சுமந்து டவுனுக்கு, சார்ஜ் கடைக்கு.

அந்தக் கடைகளில் பெட்டரிகளை வரிசையாக, ஒன்றின் பிளஸ்ஸை மற்றதன் மைனஸோடு கோர்த்து வைப்பார்கள். இப்படிக் கோர்த்தால் எல்லாவற்றினூடாகவும் ஒரே அளவு ஆம்பியர்தான் போகும். 60 ஆம்பியர்-மணி கார் பெட்டரிக்கு 6 ஆம்பியர் அளவானது. அதே வரிசையில் 5 ஆம்பியர்-மணி மோட்டார் சைக்கிள் பெட்டரி இருந்தால் அது கொதித்துவிடும். அதற்கு அரை ஆம்பியர் போதும். அதனால் சின்னதை வேறாக வைக்க வேண்டும், அல்லது முழு வரிசையையும் சின்னதின் அளவுக்குக் குறைக்க வேண்டும். கொள்ளளவில் பத்தில் ஒன்று என்பதுதான் கணக்கு. பத்துப் பன்னிரண்டு மணித்தியாலம் போகும். “நாளைக்கு வாங்க” என்று கடைக்காரர் சொன்னது சோம்பலால் அல்ல!

இன்னொரு காரணமும் உண்டு. 12 வோல்ட் ஈய பெட்டரி 14.4 வோல்ட்டைத் தாண்டினால் ஐதரசன் வாயு தாராளமாக வெளியேறும். காற்றில் 4 வீதம் கலந்தாலே தீப்பொறி ஒன்று போதும். 2022இல் நாம் சார்ஜ் போட்டது எங்கே? கதவைச் சாத்திய அறைக்குள், பக்கத்தில் மெழுகுதிரியோடு. இப்போது நினைத்தாலும் உடம்பு நடுங்குகிறது.

இன்று வகைகள் கூடிவிட்டன. ஹைபிரிட் கார்களின் 12 வோல்ட் பெட்டரி பெரும்பாலும் மூடிய வகை. தண்ணீர் வற்றினால் திரும்ப ஊற்ற முடியாது. அதற்கு வாகனக் கையேட்டில் சொன்ன ஆம்பியருக்கு மேல் போகவே கூடாது. அதே காரிலுள்ள பெரிய பெட்டரியில் நாம் கைவைக்கவே கூடாது. லித்தியம் பெட்டரிக்கு அதற்கென்றே செய்த சார்ஜர் வேண்டும்.

2015 அளவில் வரி குறைந்தபோது ஜப்பானில் பாவித்த நிசான் லீஃப் கார்கள் நிறைய வந்தன. அதன் பெட்டரியைக் குளிர்விக்கத் தனி ஏற்பாடு கிடையாது, தானாகத்தான் ஆற வேண்டும். கொழும்பிலிருந்து கடுகண்ணாவை ஏற்றம் ஏறி வந்த கையோடு விரைவுச் சார்ஜரில் மாட்டினால் சூட்டுக்கு மேல் சூடு. 2025இல் இறக்குமதி திரும்பத் திறந்தபின் வந்த புது மின்சாரக் கார்கள் பலவற்றில் குளிர்விக்கும் ஏற்பாடு இருக்கிறது, வேகத்தையும் காரே குறைத்துக்கொள்ளும். பழைய லீஃப் வைத்திருப்போர் இரவில் வீட்டில் மெதுவாகப் போடுவதே நல்லது.

அகுறணை, மடவளை, திகன, கம்பளைப் பெரியவர்களே, உங்கள் ஊரில் சார்ஜ் கடை எந்த இடத்தில் இருந்தது? ஒரு தடவைக்கு எவ்வளவு எடுத்தார்கள்? எழுதுங்கள், பிள்ளைகளுக்கு வகுப்பில் சொல்ல வேண்டும்.