கழித்தல் குறியும் மூன்றாம் கால்பகுதியும்

பத்தாம் வகுப்புத் தேர்வு வந்தால் திண்டுக்கல் பிள்ளைகள் தடுமாறும் கணக்கு ஒன்று உண்டு. சாய்வு குறை எண், ஒய் வெட்டுத்துண்டு மிகை எண். கோடு எந்தக் கால்பகுதி வழியே செல்லாது? கழித்தல் குறியைக் கண்டதுமே பாதிப் பேர் விட்டுவிடுகிறார்கள்.

அவர்களைத் திட்டாதீர்கள். 1637-இல் இந்தக் கணிதத்துக்கு அடித்தளம் போட்ட பிரெஞ்சுக்காரர் ரெனே டெகார்ட்டே கூட, சமன்பாட்டின் குறை மூலங்களைப் 'பொய்' மூலங்கள் என்றே எழுதினார். நான்கு கால்பகுதிகளிலும் தயங்காமல் வளைவரை வரைந்த நியூட்டனின் நூல் அச்சேறியது 1704-இல்.

நம் பிரம்மகுப்தரோ 628-லேயே மிகை எண்ணைச் சொத்து என்றும் குறை எண்ணைக் கடன் என்றும் வைத்து விதிகள் எழுதினார். (வரைபடம் அவரிடம் இல்லை, அதையும் சொல்லிவிட வேண்டும்.)

அந்தக் கடனை வரைபடத்தில் ஏற்றிப் பாருங்கள். எக்ஸ் அச்சில் நாள், ஒய் அச்சில் பணம், ஆதிப்புள்ளி இன்று. கையில் 500 ரூபாய். தினம் 100 செலவு. மலைக்கோட்டையிலிருந்து இறங்குவதுபோல் கோடு இடமிருந்து வலமாகச் சரியும். நேற்று 600 இருந்தது: இரண்டாம் கால்பகுதி. நாளை 400: முதலாம் கால்பகுதி. 6 நாள் கழித்து 100 கடன்: நான்காம் கால்பகுதி. மூன்றாவதற்குப் போக, கடந்துபோன நாளில் கடன் இருந்திருக்க வேண்டும். பின்னால் போகப் போகப் பணம் கூடத்தானே செய்கிறது!