கப்பல் சீட்டும் இரயில் சீட்டும்



தைப்பூசம் நெருங்குகிறது என்றால் நம் தோட்டத்துக் குடும்பங்களில் ஒரு பேச்சு எழும். "இந்த வருசம் பினாங்குத் தண்ணீர்மலைக்குப் போகிறோமா?" என்று ஒருவர் கேட்பார். "அது இருக்கட்டும், டிக்கெட் எடுத்தாச்சா?" என்று மற்றவர் கேட்பார். திருவிழாக் கூட்டத்தில் கடைசி நேரத்தில் போய் நின்றால் இடம் கிடைக்காது. ஆகவே சம்பளம் வாங்கிய கையோடு பணத்தை ஒதுக்கி, முன்கூட்டியே டிக்கெட் எடுத்து, துணிமணிக்கு நடுவே பத்திரமாக வைத்துவிடுகிறோம். இது இன்று நமக்குச் சாதாரணக் காரியம்.

ஆனால் இந்தச் சாதாரணக் காரியத்துக்கு ஒரு வரலாறு உண்டு. நம் பாட்டன் பூட்டன் இந்த நாட்டுக்கு வந்தபோது அவர்களுக்கும் ஒரு டிக்கெட் முன்கூட்டியே எடுக்கப்பட்டது. அதை எடுத்தவர்கள் அவர்கள் அல்லர். அந்த டிக்கெட்டுக்குப் பணம் கொடுத்தவர் யார், அந்தப் பணத்தை அவர் எப்படித் திரும்ப வாங்கினார் என்பதைப் பற்றித்தான் இன்று உங்களோடு பேசப் போகிறேன்.

1786-ஆம் ஆண்டில் பிரான்சிஸ் லைட் பினாங்குத் தீவில் ஆங்கிலேயர் கொடியை ஏற்றினார். அதற்குப் பின் சுமார் ஐம்பது ஆண்டுகள் கழித்து, எதிர்க்கரையில், இன்று செபராங் பிறை என்று நாம் சொல்லும் பகுதியில், கரும்புத் தோட்டங்கள் பெருகின. அந்தத் தோட்டங்களுக்கு ஆள் தேவைப்பட்டது. ஆள், நாகப்பட்டினத்திலிருந்து வந்தது. இவர்களைத்தான் நம் முன்னோர் சஞ்சிக் கூலிகள் என்று சொன்னார்கள்.

சஞ்சிக் கூலியின் கப்பல் செலவை யார் கொடுத்தார்? ஊரில் ஆள் பிடிப்பவர் கொடுத்தார். அவருக்குத் தோட்ட முதலாளி கொடுத்தார். கப்பல் கட்டணம், வழியில் சாப்பாடு, ஊரில் கையில் கொடுத்த முன்பணம் எல்லாம் சேர்ந்து அந்தத் தொழிலாளியின் பெயரில் கடனாக எழுதப்பட்டன. அவர் கடலைத் தாண்டி, ஜெரஜாக் தீவில் நோய்த் தடுப்பு முகாமில் தங்கி, தோட்டத்துக்குப் போய்ச் சேர்ந்து முதல் மண்வெட்டியைத் தூக்கும்போதே கடனாளி. ஒப்பந்தக் காலம் முடியும்வரை அவர் அந்தத் தோட்டத்தை விட்டுப் போக முடியாது. மீறிப் போனால் அது வேலையை விட்ட குற்றமாகக் கருதப்பட்டது. பிடித்து வந்து சிறையில் போடச் சட்டம் இருந்தது.

அதே காலத்தில் அதே தோட்டத்திலிருந்து இன்னொருவரும் பயணம் போவார். அவர் தோட்டத்துத் துரை. சில ஆண்டுகள் வேலை பார்த்ததும் அவருக்குச் சீமைக்குப் போக நீண்ட விடுமுறை கிடைக்கும். பினாங்குத் துறைமுகத்தில் பி. அண்டு ஓ. கம்பெனிக் கப்பலில் ஏறுவார். கொழும்பைத் தொட்டு, 1869-இல் திறக்கப்பட்ட சூயஸ் கால்வாயைக் கடந்து, பிரான்சு நாட்டுத் தென்கரையில் மார்செய் என்னும் துறைமுகத்தை அந்தக் கப்பல் அடையும். அவசரமில்லாதவர் கப்பலிலேயே இருந்து, ஜிப்ரால்டரைச் சுற்றிக்கொண்டு இலண்டன் போவார். சீக்கிரம் வீடு போய்ச் சேர வேண்டும் என்பவர் மார்செயில் இறங்கி இரயில் ஏறுவார். லியோன், பாரிஸ் வழியாகப் பிரான்சு நாட்டைத் தெற்கிலிருந்து வடக்காகக் குறுக்கே கடந்து, கலே என்னும் ஊரில் இறங்கி, சிறு கப்பலில் கால்வாயைத் தாண்டினால் இங்கிலாந்து. கடலில் பல நாள் மிச்சமாகும்.

இந்தப் பயணத்தில் ஒரு வசதியைக் கவனியுங்கள். பிரான்சு மொழி தெரியாத மனிதர், தெரியாத ஊரில் இறங்கி, இரயில் நிலையத்தைத் தேடி வரிசையில் நிற்க வேண்டியதில்லை. கப்பல் சீட்டோடு இரயில் சீட்டையும் புறப்படுமுன்பே வாங்கிக்கொள்ளலாம். இப்படி முன்கூட்டியே ஏற்பாடு செய்து கொடுப்பதைப் பெரிய வியாபாரமாக ஆக்கியவர் தாமஸ் குக் என்னும் ஆங்கிலேயர். 1841-ஆம் ஆண்டு ஜூலை 5-ஆம் நாள், லெஸ்டர் நகரத்திலிருந்து லஃப்பரோ என்னும் ஊருக்கு ஆளுக்கு ஒரு சில்லிங் கட்டணத்தில் மதுவிலக்குக் கூட்டத்துக்கு ஒரு கூட்டத்தை இரயிலில் அழைத்துச் சென்றதுதான் அவர் தொடக்கம். பிறகு பல நாடுகளின் இரயில் சீட்டுகளை ஒரே இடத்தில் விற்கும் அளவுக்கு அவர் கம்பெனி வளர்ந்தது.

துரையின் டிக்கெட்டுக்கும் பல சமயம் கம்பெனிதான் பணம் கொடுத்தது. சஞ்சிக் கூலியின் டிக்கெட்டுக்கும் கம்பெனிதான் பணம் கொடுத்தது. அப்படியானால் வேற்றுமை எங்கே? துரைக்குக் கொடுத்தது அவர் வேலைக்குரிய சலுகை. அதை அவர் சம்பளத்தில் பிடிக்கவில்லை. கூலிக்குக் கொடுத்தது கடன். அதை அவர் வியர்வையில் பிடித்தார்கள்.

இனி, டிக்கெட் என்னும் அந்தச் சிறு அட்டையைப் பார்ப்போம். இரயில் வந்த புதிதில் இங்கிலாந்தில் சீட்டைக் கையால் எழுதித்தான் கொடுத்தார்கள். கூட்டம் பெருகியபோது அது நடக்கவில்லை. எழுதுகிறவர் பணத்தை மறைத்தாலும் கண்டுபிடிக்க வழியில்லை. தாமஸ் எட்மண்ட்சன் என்பவர் முன்பு மரச்சாமான் செய்யும் தொழிலாளி. பிறகு இரயில் நிலைய அதிகாரியானார். 1830-களின் பிற்பகுதியில் அவர் ஒரு வழி கண்டார். சிறிய தடித்த அட்டை. அதில் புறப்படும் ஊர், போகும் ஊர், வகுப்பு, வரிசை எண் எல்லாம் முன்பே அச்சடிக்கப்பட்டிருக்கும். விற்கும்போது ஓர் இயந்திரத்தில் தேதி மட்டும் பதியும். மாலையில் வரிசை எண்ணைப் பார்த்தால் எத்தனை டிக்கெட் விற்றது, எவ்வளவு பணம் இருக்க வேண்டும் என்பது தெரிந்துவிடும். உலகம் முழுவதும் இந்த அட்டை பரவியது.

இந்த அட்டையில் இன்னொரு சிறப்பும் உண்டு. அதில் பெயர் இல்லை, ஊர் இல்லை, சாதி இல்லை. காசு கொடுத்தவர் யாரோ அவருக்கு அந்த இடம். சஞ்சிக் கூலியின் ஒப்பந்தத்தில் அவர் பெயரும் இருந்தது, ஊரும் இருந்தது, கடனும் இருந்தது. இரண்டும் காகிதம்தான். ஒன்று கையில் இருந்தால் போகலாம். மற்றது இருந்தால் போக முடியாது.

நம் நாட்டில் முதல் இரயில் 1885-ஆம் ஆண்டு ஜூன் முதல் நாள் தைப்பிங்கிலிருந்து போர்ட் வெல்டுக்கு ஓடியது. தூரம் எட்டு மைல்தான். தண்டவாளம் தெற்கும் வடக்குமாக நீண்டு, 1909-இல் பிறையிலிருந்து ஜொகூர் பாரு வரை தொடர்ந்து போக முடிந்தது. 1918-இல் பாடாங் பெசார் வழியாகச் சயாம் இரயில் பாதையோடு இணைந்தது. 1923-இல் ஜொகூர் கடற்பாலத்தின் மேல் இரயில் ஓடியதும் சிங்கப்பூருக்கும் வழி பிறந்தது. காடு வெட்டி, மண் சுமந்து, கட்டை அடுக்கி இந்தப் பாதைகளைப் போட்ட கைகளில் தமிழர் கைகள் மிகுதி.

பினாங்கு தீவு அல்லவா? அங்கே தண்டவாளம் போடக் கடல் இடம் கொடுக்கவில்லை. ஆனாலும் ஜார்ஜ் டவுனில் கடற்கரையோரம் இரயில்வே இலாகா ஒரு பெரிய கட்டடத்தை எழுப்பியது. மணிக்கூண்டோடு கூடிய அந்தக் கட்டடம் 1907-இல் முடிந்தது. இன்று சுங்க இலாகா அதில் இருக்கிறது. விஸ்மா கஸ்தாம் என்று சொல்கிறார்கள். தண்டவாளமே இல்லாத இரயில் நிலையம் என்று அது பெயர் பெற்றது. பிரயாணிகள் அங்கே டிக்கெட் வாங்கி, பக்கத்துத் துறையிலிருந்து இரயில்வேயின் படகில் ஏறி, பிறையில் இறங்கி வண்டியைப் பிடிப்பார்கள். இரயிலைக் கண்ணால் பார்ப்பதற்கு முன்பே, கடலுக்கு இந்தப் பக்கமே, அவர்கள் டிக்கெட் கையில் இருக்கும். 1960-களின் பிற்பகுதியில் பட்டர்வொர்த்தில் படகுத்துறைக்கு அருகிலேயே புதிய நிலையம் வந்தபின் பிறையின் பெருமை குறைந்தது.

அந்த 1907 என்னும் ஆண்டை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். அதே ஆண்டில்தான் தமிழர் குடியேற்ற நிதிச் சட்டம் வந்தது. தொழிலாளர்களை வைத்திருக்கும் முதலாளிமார் எல்லாரும் அந்த நிதிக்குப் பணம் கட்ட வேண்டும். அந்தப் பணத்திலிருந்து ஆவடியிலும் நாகப்பட்டினத்திலும் முகாம் நடத்தி, தொழிலாளருக்கு இலவசமாகக் கப்பல் சீட்டுக் கொடுத்தார்கள். சஞ்சிக் கூலி முறை 1910-இல் நிறுத்தப்பட்டது. அதன் பின் வந்தவர்கள், கங்காணி அழைத்து வந்தாலும், கப்பல் கட்டணத்துக்காகச் சட்டப்படி கடனாளி அல்லர்.

கடன் போனது பெரிய காரியம். ஆனால் டிக்கெட் இன்னும் பிறர் கையில்தான் இருந்தது. கங்காணிக்குத் தலைக்காசு கிடைத்தது. ஆகவே அவர் பிடி விடவில்லை. 1930-களின் தொடக்கத்தில் உலகமெங்கும் வியாபாரம் மந்தமாகி ரப்பர் விலை விழுந்தபோது, ஆள் சேர்ப்பதை நிறுத்தினார்கள். அதோடு, பல்லாயிரக்கணக்கான தமிழர்களை அதே நிதியின் செலவில் ஊருக்குத் திருப்பி அனுப்பினார்கள். வரும்போதும் இலவச டிக்கெட். போகும்போதும் இலவச டிக்கெட். வா என்றபோது வந்தார்கள், போ என்றபோது போனார்கள். 1938-இல் இந்திய அரசாங்கம் இப்படி உதவி கொடுத்துத் தொழிலாளரை அனுப்புவதைத் தடை செய்தது.

டிக்கெட்டே இல்லாத பயணமும் ஒன்று உண்டு. 1942, 1943-ஆம் ஆண்டுகளில் ஜப்பானியர் ஆட்சியில் சயாமுக்கும் பர்மாவுக்கும் இடையே 415 கிலோமீட்டர் பாதை போடுவதற்கு நம் தோட்டங்களிலிருந்து ஆள் பிடித்தார்கள். நல்ல கூலி, சிறிது காலம்தான் வேலை என்று ஆசை காட்டினார்கள், வராதவரை வற்புறுத்தினார்கள். சரக்கு வண்டிகளில் அடைத்து வடக்கே கொண்டு போனார்கள். பல்லாயிரம் பேர் திரும்பவில்லை. சயாம் மரண இரயில் என்ற பெயரைக் கேட்டாலே இன்றும் பல குடும்பங்களில் பேச்சு நின்றுவிடுகிறது.

போருக்குப் பின் நம் மக்கள் சொந்தப் பணத்தில் டிக்கெட் எடுக்கும் காலம் வந்தது. 1926-இல் கட்டப்பட்ட ரஜூலா கப்பல் 1973 வரை சென்னைக்கும் நாகப்பட்டினத்துக்கும் பினாங்குக்கும் இடையே ஓடியது. சீட்டுப் பிடித்தும் சிறுகச் சேர்த்தும் பணம் கட்டி, தங்கை கல்யாணத்துக்கும் தாய் முகம் பார்க்கவும் ஊருக்குப் போனார்கள். மேல்தட்டில் பாய் விரித்துத்தான் படுத்தார்கள். ஆனால் போகும் நாளையும் திரும்பும் நாளையும் அவர்களே முடிவு செய்தார்கள். ரஜூலாவுக்குப் பின் வந்தது சிதம்பரம் கப்பல். அது முன்பு பாஸ்தர் என்ற பெயரில் ஓடிய பிரான்சு நாட்டுக் கப்பல் என்பது பலருக்குத் தெரியாது. துரைமார் ஒரு காலத்தில் இரயிலேறிக் கடந்த நாட்டிலிருந்து வந்த கப்பலில், தோட்டத் தொழிலாளி தன் காசில் டிக்கெட் எடுத்து ஏறினார்.

இன்று காலம் இன்னும் மாறிவிட்டது. 2015-ஆம் ஆண்டிலிருந்து பட்டர்வொர்த்துக்கு மின்சார இரயில் வருகிறது. கைத்தொலைபேசியிலேயே அதற்கு டிக்கெட் எடுக்கலாம். பிரான்சில் 1981-இல் டி.ஜி.வி. என்னும் அதிவேக இரயில் ஓடத் தொடங்கியது. அதில் இடத்தை முன்பதிவு செய்தே ஏற வேண்டும். பொதுவாக, முன்னதாக வாங்குகிறவருக்கு விலை குறைவு. தோட்டத்தில் பிறந்து படித்து முன்னுக்கு வந்த ஒரு பெண், பினாங்கில் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்தபடியே, மார்செயிலிருந்து பாரிஸ் போகும் வண்டியில் தனக்கொரு இடம் வாங்கலாம். வாங்கும் முன் தேதி, நேரம், பெயர், பணம் திரும்பக் கிடைக்குமா என்னும் விதி ஆகியவற்றை ஒருமுறைக்கு இருமுறை படித்துப் பார்க்க வேண்டும். டிக்கெட்டை இடைத்தரகர் கையில் விட்டுவிட்டு நாம் கண்ணை மூடிக்கொள்ளலாகாது.

நேயர்களே, நம் தோட்டங்களில் இன்று வேறு நாட்டுத் தொழிலாளர்கள் வேலை செய்கிறார்கள். வங்காளதேசத்திலிருந்தும் நேப்பாளத்திலிருந்தும் இந்த நாட்டுக்கு வருகிறவர்களில் பலர், ஊரில் நிலத்தை அடகு வைத்தும் வட்டிக்கு வாங்கியும் தரகருக்குப் பணம் கட்டி வருகிறார்கள். அவர்களுடைய முதல் பல மாதச் சம்பளம் அந்தக் கடனுக்கே போகிறது. இந்தக் கதை நமக்குப் புதிதா? நம் பூட்டன் நாகப்பட்டினத்தில் கப்பலேறிய கதைதானே இது?

பிள்ளைகளுக்கு இந்த வரலாற்றைச் சொல்லுங்கள். அடுத்த முறை ஜார்ஜ் டவுன் போகும்போது அந்த மணிக்கூண்டுக் கட்டடத்தின் முன் அவர்களை நிறுத்திக் காட்டுங்கள். பக்கத்து லயத்தில் இருக்கும் வெளிநாட்டுத் தொழிலாளி ஒருநாள் உங்களோடு பேச வந்தால், அவர் எப்படி வந்தார், யாருக்குப் பணம் கட்டினார் என்று அன்போடு கேளுங்கள். அந்தக் கடனின் பாரம் எப்படிப்பட்டது என்பது நம்மைவிட வேறு யாருக்குத் தெரியும்?